‘வேண்டாம்’ பொத்தான் இல்லாத நகரம்

ஒருவருக்குமே வேண்டாத ஒன்றை எல்லாருமாகச் சேர்ந்து, மனமுவந்து, ஒரே குரலில் முடிவு செய்ய முடியுமா?

முடியாது என்று நினைத்தால் உங்களுக்கு ஜியான் ஷியுவானைத் தெரியாது என்று பொருள். தத்துவம் படித்தவர்கள் காலங்காலமாக இந்தக் கேள்வியைச் செக்குமாடு போலச் சுற்றி வந்திருக்கிறார்கள். தைவானின் தைனான் நகரத்தில் எங்கள் சந்தில் ஜியான் அதை ஒரே பிற்பகலில், டீ குடித்துக்கொண்டே தீர்த்து வைத்தார். முடியும். அதற்கு ஒரு செயலி இருந்தால் போதும்.

ஜியானைத் தனி மனிதராக நினைத்துவிடாதீர்கள். அவர் ஓர் இனம். ‘வாருங்கள், சேர்ந்து யோசிப்போம்’ என்று கூப்பிடும் இனம். சமுதாயக் கல்லூரி, வார்டு மன்றம், பள்ளிக்கூட நூலகம், நகராட்சி அலுவலகத்தின் குளிரூட்டிய மாடி என்று எங்கும் காணலாம். நகரம் நீடித்து நிலைக்க வேண்டும் என்ற கவலை எங்கே கொஞ்சம் ஈரப்பதத்தோடு இருக்கிறதோ அங்கே தானாக முளைக்கும். அடையாளம் கண்டுபிடிப்பது எளிது. முதுகில் பை. பைக்குள் நாலு நிறத்தில் ஒட்டுத்தாள், ஒரு பந்து, ஒரு சின்ன மணி, மின்சாரத்துக்கு ஓர் எக்ஸ்டென்ஷன் பெட்டி, அந்தப் பெட்டி எட்டாத இடத்துக்கு இன்னொரு பெட்டி. அறைக்குள் வந்ததும் இந்த இனம் செய்யும் முதல் காரியம், வரிசையாகப் போட்டிருக்கும் நாற்காலிகளைப் பார்த்து மனம் வருந்துவது. வரிசை என்பது அடக்குமுறை. ஆகவே வயதானவர்கள் முனகிக்கொண்டு எழுந்து நாற்காலிகளை இழுத்து வட்டமாகப் போட வேண்டும். “வட்டத்துக்குத் தலை கிடையாது” என்பார் ஜியான்.

நடுவில் நின்றுகொண்டுதான் சொல்வார்.

பிறகு அறிமுகம். பந்து யார் கைக்கு வருகிறதோ அவர் தன் பெயரையும், தான் ஒரு மரமாக இருந்தால் என்ன மரமாக இருப்பார் என்பதையும் சொல்ல வேண்டும். எங்கள் வார்டு தலைவர் ஹோங்குக்கு எழுபது வயது. வார்டில் எந்த வீட்டுக் கூரை ஒழுகும், எந்த வீட்டில் மாமியார் மருமகள் பேச்சுவார்த்தை இல்லை என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். ஆனால் தான் என்ன மரம் என்று அவர் அதுவரை யோசித்ததில்லை. பந்தை வைத்துக்கொண்டு திருதிருவென்று விழித்துவிட்டு, ஜன்னலுக்கு வெளியே பார்த்து, “மின்கம்பம்” என்றார்.

“அருமை!” என்று கைதட்டினார் ஜியான். “இங்கே தவறான பதில் என்று ஒன்றுமே இல்லை!”

இந்த வாக்கியத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இனத்தின் குலதெய்வ மந்திரம் இதுதான். கிளை மந்திரங்களும் உண்டு. ‘இது ஓர் அழகான கேள்வி’ என்று சொன்னால் அந்தக் கேள்விக்குப் பதில் வராது. ‘இதை இப்போதைக்கு இங்கே நிறுத்தி வைப்போம்’ என்று சொன்னால் எப்போதைக்கும் நிறுத்தியாயிற்று. சுவரில் அதற்கென்றே ஒரு பெரிய தாளை ஒட்டி, மேலே ‘வாகன நிறுத்தம்’ என்று எழுதி வைத்திருப்பார். யாராவது சங்கடமாக எதையாவது கேட்டால் அது ஓர் ஒட்டுத்தாளில் ஏறி அங்கே போய் நிற்கும். ஸ்கூட்டர் விட ஒரு முழம் இடம் இல்லாத எங்கள் சந்தில் கடைசியாக உருவான வாகன நிறுத்தம் அதுதான்.

எல்லாவற்றையும் ஒட்டுத்தாளில் எழுதி, சுவரில் ஒட்டி, ஒட்டியதைப் படம் எடுத்து, படத்தைப் பார்த்துச் செயலிக்குள் தட்டச்சு செய்து, அப்புறம் தாளையெல்லாம் உரித்துக் குப்பையில் போடுவார்கள். எதற்குச் செயலி என்று கேட்டால், காகிதத்தை மிச்சப்படுத்த.

அந்தச் செயலிக்குப் பெயர் ‘நாளைய நகரம்’. ஜியான் தன் இளமையின் நல்ல பகுதியை அதற்குக் கொடுத்திருந்தார். நாலைந்து பேர் ஒரு டேப்லெட்டைச் சுற்றி உட்கார வேண்டும். செயலி ஒவ்வொருவருக்கும் ஒரு வேடம் கொடுக்கும்: ஒருவர் மேயர், ஒருவர் ஆறு, ஒருவர் இன்னும் பிறக்காத தலைமுறை, இப்படி. எல்லாரும் சேர்ந்து ஒரு நகரத்தைக் கட்ட வேண்டும். எங்கே வீடு, எங்கே நிழல், மழைத்தண்ணீர் எங்கே போகும், குப்பை எங்கே போகும். ஒருவர் ஒன்று சொல்ல, மற்றவர்கள் சம்மதிக்கச் சம்மதிக்கத் திரையில் ஒரு மரம் இலை விடும். எல்லா இலையும் வந்தால்தான் அடுத்த கட்டம். கூட்டத்தை நடத்தும் வழிகாட்டிக்கும் ஓர் இலை உண்டு. “வழிகாட்டியும் வட்டத்தில் ஒருவர்தான்” என்று அதற்கு விளக்கம். பெரும்பாலும் அவருடைய இலைதான் முதலில் துளிர்க்கும்.

யோசனை மோசமில்லை. அதைச் சொல்லிவிட வேண்டும். மோசமான யோசனைகளைக் கேலி செய்வதில் என்ன இருக்கிறது? அவை தாமாகவே செத்துப்போகும்.

முதலில் செயலியை ஒரு பள்ளியில் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளிடம் கொடுத்துப் பார்த்தார். அப்போது அதில் ‘வேண்டாம்’ என்று ஒரு பொத்தான் இருந்தது. அமுக்கினால் தவளை கத்தும். பிள்ளைகளுக்கு வேறென்ன வேண்டும்? ஒருத்தி ஆற்றுக்குள் ரயில் விட வேண்டும் என்றாள்; ஆறாக இருந்த பையன் தவளையைக் கத்தவிட்டான்; மேயர் இரண்டு பேரையும் பதவிநீக்கம் செய்தாள்; இன்னும் பிறக்காத தலைமுறை, ‘நான் பிறக்கவே மாட்டேன் போ’ என்று கோபித்துக்கொண்டு மேசைக்கு அடியில் போய் உட்கார்ந்துகொண்டது. மணி அடிக்கும்போது நகரத்தில் ஒரு வீடுகூடக் கட்டி முடியவில்லை. பிள்ளைகள் சண்டையை நிறுத்தாமல் தாழ்வாரத்துக்குப் போய், சுண்ணாம்புக் கட்டியால் தரையில் ஆறு வரைந்து, அழித்து, வேறு இடத்தில் வரைந்து, மறுபடி அழித்துக்கொண்டிருந்தார்கள்.

ஜியான் டேப்லெட்டுகளைச் சேகரித்துக்கொண்டு, ஒத்திசைவு போதாது என்று முடிவு செய்தார். வீட்டுக்குப் போய் ‘வேண்டாம்’ பொத்தானை எடுத்துவிட்டார். “மறுப்பு என்பது இன்னும் மலராத யோசனை” என்றார். தவளை போயிற்று. அது இருந்த இடத்தில் மூன்று பொத்தான்கள் வந்தன: ‘மிகவும் விருப்பம்’, ‘விருப்பம்’, ‘எதுவானாலும் சரி’.

கடைசிப் பொத்தானைப் பாருங்கள். தைனானில் யாரிடமாவது எங்கே சாப்பிடலாம் என்று கேட்டுப்பாருங்கள். எதுவானாலும் சரி. எந்தப் படம் பார்க்கலாம்? எதுவானாலும் சரி. உன்னைக் கட்டிக்கொள்ளட்டுமா என்று கேட்டதற்கு இதே பதிலைச் சொல்லி, பேரன் பேத்தி எடுத்தவர்களை எனக்குத் தெரியும். எதிரில் இருப்பவரின் மனம் நோகக் கூடாது. அவர் ஆசையைக் குறுக்கே நின்று மறிக்கக் கூடாது. மரியாதையான பழக்கம். அதற்கு ஒரு பொத்தான் செய்து விரலடியில் வைக்கலாம் என்று மட்டும் அதுவரை யாருக்கும் தோன்றியதில்லை.

இப்போது சந்து முனைக்கு வாருங்கள். அங்கே நகராட்சிக்குச் சொந்தமான ஒரு துண்டு நிலம் இருக்கிறது. ஒரு பக்கம் பச்சை நிற மின்மாற்றிப் பெட்டி, மறுபக்கம் கோயில் சுவர். காலையில் அங்கே லாய் பிஷியா அக்கா வண்டி போட்டு முட்டை அடையும் சோயாப்பாலும் விற்பார். கணவர் போனபிறகு அந்த வண்டிதான் அவருக்குச் சோறு, பேச்சு, பொழுது எல்லாம். நிலம் அவருடையதல்ல, ஹோங் கண்டும் காணாமல் விட்டிருந்தார். மாலையில் அதே இடத்தில் குப்பை வண்டி வந்து நிற்கும். நகராட்சி அந்த நிலத்துக்கு ஒரு திட்டம் அறிவித்தது: குடியிருப்போர் கூடிச் சிந்தித்து ஒருமனதாக எதைக் கேட்கிறார்களோ அதை அங்கே கட்டித் தருவோம். சிந்திக்க வைக்க ஜியான் வந்தார்.

வார்டு மன்றம் நிறைந்துவிட்டது. வருகிறவர்களுக்கெல்லாம் ஜியான் தன் கைக்காசில் டீ வாங்கித் தருவதாகச் செய்தி பரவியிருந்தது. யாருக்கு எப்படி வேண்டும் என்று கேட்டுக்கொண்டு வட்டத்தைச் சுற்றி வந்தார்.

“எனக்கு அரைச் சர்க்கரை. ஐஸ் கொஞ்சமா.”

“அந்தக் கடையில ‘கொஞ்சமா’ன்னு சொல்லாதீங்க, மலையையே உடைச்சுப் போடுவான். எனக்கு ஐஸே வேணாம். சுத்தமா வேணாம்.” இது லாய் அக்கா.

“எனக்குப் பால் வேணாம். ஜவ்வரிசி உருண்டை போடணும், ஆனா பெரிய உருண்டை வேணாம், தொண்டையில சிக்குது.” இது முடிதிருத்தும் கடை வைத்திருக்கும் பான் யுலின். சந்தின் வாய் அவர்.

“எனக்குச் சர்க்கரையே கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு,” என்றார் ஹோங். “அதனால முக்கால் சர்க்கரை போதும்.”

“தலைவரே, அது எந்த ஊர் டாக்டரு?”

“வாயை மூடிக்கிட்டு உன் உருண்டையைப் பாரு.”

கால், அரை, முக்கால், சூடு, மிதமான சூடு, வேண்டாம், வேண்டவே வேண்டாம். அரை மணி நேரம் ஓடிற்று. இவர்களுக்கு மறுக்கத் தெரியாது என்று யார் சொன்னது?

டீ வந்தது. டேப்லெட்டுகள் வந்தன. வைஃபை வரவில்லை. பிறகு அதுவும் வந்தது. ஐந்து குழுக்கள் பிரிந்தன. எப்படி விளையாடுவது என்று காட்டுவதற்காக ஜியான் திரையில் ஒரு மாதிரியைப் போட்டார். “உதாரணத்துக்கு மட்டும்தான்” என்று இரண்டு முறை சொன்னார். அந்தத் துண்டு நிலத்தில் ஒரு ‘பசுமைச் சிந்தனைக் கூடம்’. கண்ணாடிச் சுவர், சூரியத் தகடு வேய்ந்த கூரை, சுற்றிலும் கொடி, உள்ளே ஆள் உயரத் தொடுதிரை. மக்கள் அங்கே கூடி, வட்டமாக உட்கார்ந்து, சேர்ந்து சிந்திப்பார்கள். ஒவ்வொரு இலையையும் அவர் கையாலேயே வரைந்திருந்தார். கொடியில் ஒரு நத்தைகூட இருந்தது.

லாய் அக்காவின் குழுவில் அவர் மேயர். பான் யுலின் ஆறு. ஹோங், இன்னும் பிறக்காத தலைமுறை.

“மேயரம்மா, நீங்கதான் பெரியவங்க. சொல்லுங்க, என்ன வைக்கலாம்?” என்றார் பான்.

“நான் என்னத்தைச் சொல்றது? ஆத்துக்கு எது ஒத்துக்குமோ அதை வைப்போம்.”

“ஆறு பாட்டுக்கு ஓடிக்கிட்டிருக்கு, அதுக்கு எதுவானாலும் சரி. பொறக்காத தலைமுறை என்ன சொல்லுது?”

“பொறக்காத தலைமுறைக்கு முட்டி வலிக்குது. வாத்தியார் வரைஞ்சிருக்காரே, நத்தையெல்லாம் போட்டு, அதுவே நல்லாத்தானே இருக்கு? நாம வேற எதையாவது வெச்சா சங்கடப்படுவாரு.”

“அதுவும் சரிதான். டீ வேற வாங்கிக் குடுத்திருக்காரு.”

லாய் அக்கா கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு திரையின் மேலிருந்து கீழ் வரை விரலை ஓட்டினார். மறுபடி ஓட்டினார். எதையோ தேடினார். ஜியான் எதிரில் வந்து நின்று, தலையை ஒரு பக்கம் சாய்த்து, புன்னகை செய்தார். அக்கா பதிலுக்குப் புன்னகை செய்து, ‘எதுவானாலும் சரி’யை அமுக்கினார். இலை துளிர்த்தது. தன் வண்டி நிற்கும் இடத்தில் கண்ணாடிக் கூடம் கட்டச் சம்மதித்துவிட்டு, மிச்ச டீயை உறிஞ்சிக் குடித்தார்.

மற்ற நாலு குழுக்களிலும் இதே கதைதான். ஐந்து திரையிலும் அதே கண்ணாடி, அதே கொடி, அதே நத்தை.

“பார்த்தீர்களா!” ஜியானின் குரல் தழுதழுத்தது. “ஐந்து குழு. ஒரே கனவு!”

நடித்தாரா? இல்லை. அதுதான் இந்த இனத்தோடு உள்ள சிக்கல். பொய்யனைப் பற்றி எழுதுவது சுலபம். பொய்யனுக்குத் தான் சொல்வது பொய் என்று தெரியும், நமக்கும் தெரியும், கணக்கு நேராகிவிடும். தன் முகத்தையே ஐந்து கண்ணாடியில் பார்த்துவிட்டு, ‘எத்தனை பேர் என்னோடு இருக்கிறார்கள்!’ என்று கண் கலங்குகிறவரை என்ன செய்வது? எதிரொலிக்கு நன்றி சொல்கிறவரைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பாராட்டவும் வரவில்லை.

நகராட்சியின் விதிப்படி, முடிவை மதிப்பீட்டுக் குழுவின் கண்முன் இன்னொரு முறை செய்து காட்ட வேண்டும். அதற்கு நாள் குறித்தார்கள். அதற்குள் கூடத்தின் நீள அகலத்தை அளந்துகொள்ள ஜியான் ஒரு மாலை சந்து முனைக்கு வந்தார்.

அவர் குடியிருப்பது பெரிய சாலைக்கு அந்தப் பக்கம், புதிய அடுக்குமாடியில். அங்கே குப்பை அறை அடித்தளத்தில் இருக்கிறது. எந்த நேரமும் லிஃப்டில் இறங்கிப் போய்ப் போட்டுவிட்டு வரலாம், ஒரு முகத்தையும் பார்க்க வேண்டியதில்லை. ஆகவே மாலையில் அந்த இடத்தில் என்ன நடக்கும் என்று அவருக்குத் தெரியாது. தெரிந்தவர்கள் சொல்லியிருக்கலாமே என்பீர்கள். யாராவது கேட்டார்களா?

தூரத்தில் குப்பை வண்டி ஒலிபரப்பிக்கொண்டு வரும் பியானோ மெட்டு கேட்கும். கேட்டதும் சந்தில் கதவுகள் திறக்கும். குளித்துக்கொண்டிருந்தவர், குழம்பைக் கிளறிக்கொண்டிருந்தவர், பாதி முடி வெட்டிய தலையோடு பான் யுலினின் வாடிக்கையாளர், எல்லாரும் பைகளோடு முனைக்கு வருவார்கள். குப்பையைத் தரையில் வைக்கக் கூடாது. வண்டி வரும்வரை கையில்தான் வைத்திருக்க வேண்டும். ஒரு கையில் குப்பை, ஒரு கையில் மிச்ச உணவு வாளி, கக்கத்தில் பழைய காகிதம். உட்கார முடியாது. ஃபோனை எடுக்க முடியாது. இரண்டு கையும் நிறைந்த மனிதனுக்கு வாய் ஒன்றுதான் மிச்சம்.

ஜியான் தலைக்கவசமும் முகக்கவசமும் போட்டபடியே ஸ்கூட்டரிலிருந்து இறங்கி, அளவு நாடாவை விரித்தார். அந்தக் கோலத்தில் தைனானில் யாரும் யாராகவும் இருக்கலாம். பான் யுலின் வந்தார்.

“அண்ணே, இதைக் கொஞ்சம் பிடிங்க. வாளியை மறந்துட்டேன், ஓடிப்போய் எடுத்துட்டு வந்துர்றேன்.”

கையில் ஒரு பை வந்து விழுந்தது. ஜியான் அதைத் தரையில் வைக்கப் போனார்.

“கீழ வைக்காதீங்க!” என்று நாலு பக்கத்திலிருந்தும் கத்தினார்கள்.

தூக்கிக்கொண்டார். வாளியோடு திரும்பி வந்த பான், வந்த வேகத்தில் ஆரம்பித்தார். “ஏன் தலைவரே, அந்தக் கண்ணாடிக் கூண்டு இங்க வந்தா குப்பை வண்டி எங்க நிக்கும்?”

“உள்ள வந்து நிக்கும். நீ என்ன மரம்னு அதையும் கேப்பாங்க.”

“சிரிக்காதீங்க. நீங்க எதுக்கு அமுக்குனீங்க?”

“நீ அமுக்குனே, நான் அமுக்குனேன்.”

“நான் லாய் அக்காவைப் பாத்துத்தான் அமுக்குனேன். வண்டி போடுறவங்களே சரிங்கறாங்க, இடையில நான் யாரு? ஆறு!”

எல்லாரும் லாய் அக்காவைப் பார்த்தார்கள். அக்கா முட்டை ஓடு நிறைந்த பையை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டார்.

“மனுஷன் டீ வாங்கிக் குடுத்துட்டு முன்னால நின்னு சிரிக்கிறாரு. மூஞ்சிக்கு நேரா எப்பிடிச் சொல்லச் சொல்றீங்க? ‘வேணாம்’னு எங்கயாச்சும் எழுதியிருக்கான்னு ரெண்டு தடவை தேடிப் பாத்தேன். எனக்குத்தான் கண்ணு தெரியலையோன்னு விட்டுட்டேன்.”

“இப்ப வண்டிய எங்க கொண்டுபோய் நிறுத்துவீங்க?”

“எங்க நிறுத்துறது? கவோஷியுங்குக்கு வந்துரும்மான்னு மகன் கூப்பிட்டுக்கிட்டே இருக்கான். அவன் வீட்டு பால்கனில ஒரு நாற்காலி இருக்கு. அதுல உக்காந்து கப்பல் போறதைப் பாத்துக்கிட்டிருப்பேன்.”

“கப்பலுக்கு முட்டை அடை வித்துருவீங்க நீங்க.”

சிரித்தார்கள். அக்காவும் சிரித்தார். பான் சட்டென்று தலைக்கவசக்காரர் பக்கம் திரும்பினார். “அண்ணே, நீங்க எந்த வீடு? நீங்களாவது சொல்லுங்க. இங்க கூடம் வேணுமா, வேணாமா?”

முகக்கவசத்துக்குள்ளிருந்து பதில் வந்தது. “எதுவானாலும் சரி.”

“வந்துட்டாருய்யா, இன்னொரு மரம்!” என்றார் பான். சந்தே சிரித்தது. வண்டி வந்தது. ஜியான் பான் கொடுத்த குப்பையை வண்டியின் வாய்க்குள் வீசிவிட்டு, அளவு நாடாவைச் சுருட்டிக்கொண்டு போனார். அவர் முதுகுப் பையில் ஓர் இளஞ்சிவப்பு ஒட்டுத்தாள் ஒட்டிக்கொண்டு போயிற்று: ‘தவறான பதில் இல்லை’. அதைப் பார்த்ததால்தான் ஆள் யாரென்று எனக்குத் தெரிந்தது. மற்றவர்கள் வாளியைக் கழுவப் போய்விட்டார்கள்.

மதிப்பீட்டு நாள் வந்தது. மூன்று மதிப்பீட்டாளர்கள், மூன்று பேருக்கும் கழுத்தில் அட்டை. நாற்காலிகள் வட்டமாக. ஜியான் பேசினார், வழக்கமாகப் பேசுவதில் பாதிதான் பேசினார். பந்து விளையாட்டு இல்லை. மரமும் கேட்கவில்லை, வீட்டில் யோசித்து ஒரு மரத்தோடு வந்திருந்த ஹோங்குக்கு அதில் கொஞ்சம் வருத்தம். பெரிய திரையில் கூடம் தோன்றியது. கீழே மரம், இலையில்லாமல்.

“நீங்கள் முதலில்” என்றார் ஜியான்.

வட்டம் அமுக்கியது. லாய் அக்கா அமுக்கினார். பான் அமுக்கினார். இலைகள் ஒன்றன்பின் ஒன்றாகத் துளிர்த்தன. மதிப்பீட்டாளர்களில் ஒருவர் கைதட்டத் தயாராக இரண்டு உள்ளங்கைகளையும் எதிரெதிரே தூக்கி வைத்துக்கொண்டார். திரையில் எழுத்து வந்தது: ‘ஒருவருக்காகக் காத்திருக்கிறோம்.’

காத்திருந்தார்கள். தூக்கிய கைகள் மெல்ல இறங்கின.

“வைஃபை போயிடுச்சு” என்றார் ஒருவர். யாரோ பெட்டியை அணைத்துப் போட்டார்கள். ஹோங் தன் டேப்லெட்டின் பின்பக்கம் இரண்டு தட்டுத் தட்டினார். அவர் வீட்டுத் தொலைக்காட்சிக்கு அது கேட்கும். ‘ஒருவருக்காகக் காத்திருக்கிறோம்.’ ஜியானின் டேப்லெட் அவர் மடியில் இருந்தது. அவர் கட்டைவிரல் அதன் ஓரத்தில் இருந்தது. வட்டம் முழுவதும் அந்த விரலைப் பார்த்தது. பார்த்துவிட்டு, மரியாதையாக, கூரையைப் பார்த்தது.

முதலில் எழுந்தவர் லாய் அக்கா. வாத்தியார் இத்தனை பேர் முன்னால் அசிங்கப்படுகிறாரே என்று அவருக்குப் பொறுக்கவில்லை.

“வாத்தியாரே, உங்க விரல் வேர்த்திருக்கும். அது வேர்த்தா அமுங்காது. நான் வேணா அமுக்கிவிடட்டுமா?”

கையையும் நீட்டிவிட்டார். தன் வண்டியைத் தானே தூக்கிக் கடலில் போட, அதுவும் இரண்டாவது முறையாக, இவ்வளவு கனிவோடு முன்வந்த ஒருவரை நான் எந்தத் தத்துவப் புத்தகத்திலும் சந்தித்ததில்லை.

ஜியான் டேப்லெட்டைத் தூக்கி, திரை உள்பக்கமாக, நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். இரண்டு கையாலும்.

அந்த நேரம் பார்த்துத் தூரத்தில் பியானோ கேட்டது. வட்டம் உடைந்தது. “ஐயோ, மீன் குப்பை இருக்கே!” என்று பான் ஓடினார். ஹோங், முட்டி வலியோடு, அவருக்கு முன்னால் ஓடினார். நாலே நொடியில் அறையில் மதிப்பீட்டாளர்கள் மூவரும், ஜியானும், காலி நாற்காலிகளும் மட்டும். மூவரும் ஒருவரையொருவர் பார்த்து, தங்களுக்குள் ஏதோ பேசி, ஒருமனது எட்டப்படவில்லை என்று முடிவு செய்தார்கள். ஒருமனதாகத்தான் முடிவு செய்தார்கள்.

கூடம் வேறொரு வார்டுக்குப் போயிற்று. நன்றாக இருப்பதாகச் சொல்கிறார்கள். கண்ணாடியில் புறாக்கள் மோதுகின்றனவாம். எங்கள் முனையில் காலையில் லாய் அக்காவின் கல் சூடாகிறது. “பாவம் வாத்தியார். அன்னிக்கு மெஷின் கெட்டுப்போச்சு” என்று வருகிறவர்களிடம் இன்னும் வருத்தப்படுகிறார். ஜியான் வந்தால் முட்டை ஒன்று கூடுதலாக உடைத்து ஊற்றுகிறார். ஜியான் ‘வேண்டாம்’ என்று சொல்வதில்லை.

அவர் திருந்திவிட்டார் என்று யாரும் அவசரப்பட்டு மகிழ வேண்டாம். இப்போதும் பக்கத்து வார்டுகளில் நாற்காலிகளை வட்டமாகத்தான் போடுகிறார். பந்து இருக்கிறது. மணி இருக்கிறது. ‘அருமை’ இருக்கிறது. செயலியில் அந்தத் தவளையைத் திரும்பக் கொண்டுவந்தாரா என்றால், அதுவும் இல்லை.

சிரித்துக்கொண்டே இதுவரை வந்துவிட்டீர்கள். நல்லது. கடைசியாக எப்போது ‘தயங்காமல் உங்கள் கருத்தைச் சொல்லுங்கள்’ என்று சொல்லிவிட்டு, தயங்காமல் சொன்னவரை ஒரு வாரம் முறைத்துக்கொண்டு திரிந்தீர்கள்? விடுமுறைக்கு எங்கே போகலாம் என்று வீட்டில் எல்லாரையும் கூட்டி வைத்துக் கேட்டபோது, டிக்கெட் உங்கள் சட்டைப்பையில் இருந்ததா, இல்லையா? ‘சேச்சே, நான் அந்த ரகமில்லை’ என்கிறீர்களா? அப்படியானால், ‘எதுவானாலும் சரி’ என்று சொல்லிவிட்டு, போகிற வழியெல்லாம் முணுமுணுத்துக்கொண்டு வந்த மற்றவர் நீங்கள்தான். ஜியான்கள் உங்களைத் தின்றுதான் வளர்கிறார்கள். மூன்றாவது இனம் ஒன்று உலகத்தில் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. ஐந்தாம் வகுப்பில் இருக்கலாம்.

ஒன்று மட்டும் மிச்சம். அடித்தளத்தில் குப்பை அறை உள்ள அந்த அடுக்குமாடியிலிருந்து, பெரிய சாலையைக் கடந்து, மாலைதோறும் ஒரு சின்னப் பையைத் தூக்கிக்கொண்டு ஜியான் எங்கள் முனைக்கு வருகிறார். தலைக்கவசம் போடுவதில்லை. பையைக் கீழே வைப்பதில்லை. வண்டி வரும்வரை எங்களோடு நிற்கிறார். அன்றைக்கு விரலை ஏன் வைக்கவில்லை என்று பான் யுலின் ஒருமுறை எல்லார் முன்னாலும் கேட்டேவிட்டார். ஜியான் பையை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டார்.

“அடுத்த கூட்டத்துக்கு டீ சொல்லணும்,” என்றார். “உங்களுக்கு ஐஸ் எவ்வளவு?”